பூட்டிய ஆர்கனும் பெலவேந்திரம் சாமியும்

எங்கள் பங்கில் பெரிய வியாழன் மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் உன்னத கீதம் பாடி முடிந்ததும் ஆர்கனைப் பூட்டி, சாவியைப் பங்குச் சாமியார் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். உயிர்ப்புப் பூசையில் மறுபடி உன்னத கீதம் வரும்வரை கோயிலில் எந்த வாத்தியமும் ஒலிக்காது. மணி அடிக்க வேண்டிய இடத்தில்கூட மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இந்த ஆண்டு பாடகர் குழுத் தலைவி ரீனா இதைப் பற்றிப் பேசத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், பெரிய வெள்ளிக்கு சுருதிக்கு மட்டும் கீபோர்டை மெதுவா வெச்சுக்கலாங்களா? எல்லாரும் பாடப் பாடக் கீழ எறங்கிடுறாங்க. மத்த ஊருல எல்லாம் வெச்சுக்கறாங்களாம்."

"வெச்சுக்கம்மா. சட்டம் ஒண்ணும் தடுக்கல. பாட்டுக்குத் துணையா வாசிக்கலாம்னுதான் இருக்குது."

"அப்பறம் ஏன் நீங்க முப்பத்தாறு வருசமா வெச்சுக்கல?"

ரீனா நர்ஸ் வேலை பார்க்கிறவள். நரம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் குத்துவாள். நான் எழுந்து காப்பி போடப் போனேன். அதைப் பங்கு விழா மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். இதை எழுதுவதற்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவர் பெயர் சவரியம்மா. "எழுதுங்க. எம் பேரையும் எழுதுங்க, எம் புள்ள பேரையும் எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஆர்கன் கற்ற கதை சின்னது. கன்னியர் மட விடுதியில் படித்தபோது ஒரு வயதான சிஸ்டர் என் விரல் நீளத்தைப் பார்த்து என்னை உட்காரவைத்தார். இரண்டு கோடை விடுமுறைகள் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது விடுமுறைக்குள் மாற்றலாகிப் போய்விட்டார். மீதியைத் தப்புத் தப்பாக வாசித்துத்தான் கற்றேன். பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு என்னை எடுத்தபோது, ஆர்கனும் வாசிப்பாள் என்பதுதான் என்னுடைய பெரிய தகுதி. எனக்குச் சுலபமான சுருதியில் எல்லாப் பாட்டையும் வாசித்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்குப் பாட வராது என்று குறை சொல்லிக்கொண்டு சில வருடங்களை ஓட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

எங்கள் ஆர்கன் காலால் மிதிக்கிற பழைய ஆர்கன். இரண்டு கால்களும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே துருத்தியில் காற்று நிற்கும். வலது முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும். முட்டியால் அதை வெளிப்பக்கம் தள்ளினால் சத்தம் முழுதாகத் திறந்துகொள்ளும். விட்டால் அடங்கிவிடும். நான் உட்கார்ந்தால் பீடத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும் என்பதால், ஒரு பழைய ஸ்கூட்டர் கண்ணாடியை ஆர்கன் மேல் பொருத்தியிருந்தோம். முப்பத்தாறு வருடங்களும் பூசையை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன்.

பெலவேந்திரம் சாமி எங்கள் பங்குக்கு வந்தபோது அவருக்கு அறுபது இருக்கும். உயரமான மனிதர், பேச்சு குறைவு. வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக ஆர்கனிடம் வந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"இன்னிக்கு நன்றிப் பாட்டுக்கு ஆம்பளைங்க எத்தன பேரு பாடுனாங்க டீச்சர்?"

"கவனிக்கலைங்க சாமி."

"நான் கவனிச்சேன். நாலு பேரு. அஞ்சு கட்டையில வாசிச்சா தக்காளிக் கூடை தூக்கற ஆளு எப்படிப் பாடுவாரு? எறக்குங்க."

வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சுருதியைச் சொல்வது எங்கள் வழக்கம். அடுத்த ஞாயிறு மூன்று கட்டைக்கு இறக்கினேன். அவர் பீடத்தில் நின்றபடியே விரலை மடக்கி மடக்கி ஆண்கள் பக்கத்தை எண்ணுவது கண்ணாடியில் தெரிந்தது. பூசை முடிந்து வந்து, "இருவத்தி ஆறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை.

அவருக்குச் சுருதி கொடுப்பது தனி வேலை. காணிக்கைக்குப் பிறகு வரும் நற்கருணை மன்றாட்டின் தொடக்கவுரையை ஒவ்வொரு ஞாயிறும் அவர் ராகமாகப் பாடுவார். பாடும்போது ஆர்கன் கூடவே வரக் கூடாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு சுரம், அவருக்கு மட்டும் கேட்கிற அளவில் கொடுக்க வேண்டும். அவர் இடது கை புத்தகத்தின் ஓரத்துக்குப் போகும். அப்போது நான் மிதிக்கத் தொடங்க வேண்டும். வலது கை விரியும். அப்போது கட்டையை அழுத்த வேண்டும். அவர் மூச்சை இழுக்கும்போது என் விரல் எழுந்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அவர் குரலுக்கு அடியில் ஆர்கன் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒட்டினால் கண்ணாடியில் அவர் ஒரு புருவம் மட்டும் உயரும். அந்தப் புருவத்துக்குப் பயந்தே நான் ஆர்கன் வாசிக்கக் கற்றேன் என்று சொல்லலாம்.

பத்து வருடங்கள் இப்படி ஓடின. பிறகு ஒரு ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் விசுவாச அறிக்கை சொல்லாமலே காணிக்கைக்குப் போய்விட்டார். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் ஒரே செபத்தை இரண்டு முறை சொன்னார். அடுத்த மாதம் இரண்டு கைகளையும் விரித்தபடி, சொல்ல வேண்டியது எதுவென்று தெரியாமல் நின்றார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளியில் பாதிப் பாடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளையின் முகம் அது. நான் யோசிக்கவில்லை. அடுத்து வரவேண்டிய பாட்டின் முதல் மூன்று சுரங்களை மெதுவாக வாசித்தேன். அவர் தோள் இறங்கியது. சரியான இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பூசை முடிந்து ஆர்கனிடம் வந்தார்.

"இன்னிக்கு எதுக்கு அந்த மூணு சுரத்த வாசிச்சீங்க?"

"விரல் பட்டுடுச்சுங்க சாமி."

கொஞ்ச நேரம் ஆர்கன் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்படியே அப்பப்பப் படட்டும் டீச்சர்" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த இடம் எது என்று சொல்ல என்னிடம் ஒரு சுரக் கூட்டம் இருந்தது. விசுவாச அறிக்கைக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று. அவர் தப்பாகச் சொல்லத் தொடங்கினால் முட்டிப் பலகையைத் தள்ளிச் சத்தத்தைத் திறந்துவிடுவேன். சொல் பாட்டில் மூழ்கிவிடும். அவர் சுதாரித்துக்கொள்வார்.

அவர் பயந்தது முதிய குருக்கள் இல்லத்துக்குத்தான். ஒரு முறை அவரே சொன்னார், "அங்க போனா பூசை பாக்கலாம் டீச்சர். வெக்க வுட மாட்டாங்க." இந்த நிலை வெளியே தெரிந்தால் மறுவாரமே ஆயர் இல்லத்திலிருந்து வண்டி வந்துவிடும். அவருக்கு வேறு வாழ்க்கை கிடையாது. அதனால்தான் காப்பாற்றினேன் என்று அன்றைக்கு நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிக் காரணம் பெருமை. ஒரு பங்கின் பூசையே என் காலிலும் விரலிலும் நடக்கிறது என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் மீதி எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

சவரியம்மா பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா, பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். மஞ்சள் காமாலை முற்றிப்போய், தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். இருபத்தாறு வயது.

அடக்கப் பூசையைப் பெலவேந்திரம் சாமிதான் வைத்தார். முந்தின வாரம் தெரசா என்ற ஒரு பாட்டியை அடக்கம் செய்திருந்தோம். பூசை முழுக்க ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் பெட்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து, இறந்தவரைக் கடவுளிடம் ஒப்படைக்கும் செபம் வரும். அதில்தான் இறந்தவர் பெயர் வரும். "உம் அடியாள் தெரசாவை" என்று சாமி தொடங்கினார். என் முட்டி தானாகவே பலகையைத் தள்ளியது. எல்லாச் சத்தத்தையும் திறந்து அடக்கப் பாட்டை வாசித்தேன். பாடகர் குழு திடுக்கிட்டுப் பாட ஆரம்பித்தது. சாமியின் உதடு அசைவது கண்ணாடியில் தெரிந்தது. அந்தச் செபத்தில் ஒரு சொல்கூட யாருக்கும் கேட்டிருக்காது. அன்றைக்கு நன்றாகத் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சவரியம்மா பள்ளி வாசலில் நின்றார்.

"டீச்சர், அன்னிக்கு சாமி எம் புள்ள பேரச் சொன்னாருங்களா? ஆர்கன் சத்தத்துல எனக்குக் கேக்கலைங்க."

"சொன்னாரும்மா" என்றேன்.

"சொன்னாருங்களா?"

"சொன்னாரு. நான் கேட்டேன்."

தலையை ஆட்டிவிட்டுப் பேருந்துக்குப் போனார். நான் உள்ளே போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வருடப் பெரிய வெள்ளி அதற்கு ஐந்து வாரம் கழித்து வந்தது. வழக்கம்போல முந்தின நாளே ஆர்கனைப் பூட்டிச் சாவியைச் சாமியிடம் கொடுத்திருந்தேன். அடுத்த நாள் சடங்கு முழுக்க ஆர்கன் கிடையாது, நானும் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்பிக் கேட்டு, சுருதிக்கு என்று சொல்லி ஆர்கனைத் திறந்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பாடகர் குழுவில் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களே என்று கேட்காமல் விட்டேன்.

மூன்று மணிக்குச் சடங்கு தொடங்கியது. கோயில் கொள்ளவில்லை, வெளியே பந்தலிலும் ஆட்கள். இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வேறு மூன்று பேர் வாசித்தார்கள். மன்றாட்டுகளைச் சாமி புத்தகத்தைப் பார்த்தே படித்துவிட்டார். பிறகு சிலுவை ஆராதனை. துணி போர்த்திய பெரிய சிலுவையைச் சாமியார் பிடித்துக்கொண்டு, மக்களைச் சிலுவையைப் பார்க்க அழைத்துப் பாடுவார். மக்கள் பதில் பாடி மண்டியிடுவார்கள். ஒவ்வொரு முறையும் துணியில் ஒரு பகுதியை விலக்குவார். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சுருதியை ஒரு கட்டை ஏற்றிப் பாட வேண்டும்.

முதல் முறை ஒரு கட்டையில் பாடினார். குரல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது முறை இரண்டு கட்டை. மூன்றாவது முறை மூன்று கட்டை, துணி முழுதும் விலகியது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது, விலக்குவதற்குத் துணியே இல்லாத சிலுவையைப் பிடித்தபடி நான்காவது முறை பாடினார். நான்கு கட்டையில். எத்தனை முறை என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஏற வேண்டும் என்பது மறக்கவில்லை.

ஒரு நொடி கோயில் அசையவில்லை. பிறகு மக்கள் பதில் பாடி மண்டியிட்டார்கள். ஐந்தாவது முறை பாடினார். ஐந்து கட்டைக்கு ஆண்கள் குரல் எட்டவில்லை. பெண்கள் மட்டும் பதில் பாட, எல்லாரும் மண்டியிட்டார்கள். ஆறாவது முறை அவர் குரல் பாதியில் உடைந்தது. சிலுவையோடு நின்று ஆர்கன் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண் என் கண்ணைத் தேடியது. பூட்டிய ஆர்கனின் முன்னால் உட்கார்ந்திருந்த நான் முட்டியால் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதை நானே பிறகுதான் கவனித்தேன். எழுந்து ஒரு பாட்டை வாயால் தொடங்கியிருக்கலாம். ஆர்கன் இல்லாமல் பாட நான் பழகியதே இல்லை.

முன்வரிசையிலிருந்து சவரியம்மா எழுந்தார். நேராகச் சாமியிடம் போய், மண்டியிட்டு, அவர் பிடித்திருந்த சிலுவையின் பாதத்தை முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். பிறகு வரிசையாகவே வந்தார்கள். ஆராதனை தொடங்கிவிட்டது. சாமி சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் தலையையும் பார்த்தபடி நின்றார். முகம் அமைதியாக இருந்தது.

சடங்கு முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். நான் ஒரு தம்ளரோடு வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். சவரியம்மாவும் தம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லவேளை நீங்க எழுந்தீங்க. இல்லாட்டி ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

என்னை வினோதமாகப் பார்த்தார். "ஊருக்குத் தெரியாதுங்களா டீச்சர்? ஒரு வருசமாத் தெரியுமே. நடுவுல திடீர்னு ஆர்கன் பெருசாக் கத்துச்சுன்னா, சாமி தடுமாறிட்டாருன்னு எல்லாரும் தலையக் குனிஞ்சுக்குவோம். பாவம் அந்த மனுசன்னு நெனச்சுக்குவோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். மறைத்த கையாலேயே அதைத் தட்டிக் காட்டியும் இருக்கிறேன். சவரியம்மா இன்னும் முடிக்கவில்லை.

"எம் புள்ள அடக்கத்தன்னிக்கும் அப்படித்தான் கத்துச்சு. அவ பேரச் சொல்லலைன்னு எனக்கு அங்கயே தெரியுங்க. இருந்தாலும் ஒங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க சொன்னாருன்னீங்க." தம்ளரைக் கீழே வைத்தார். "சாமி மறந்துட்டாரு, அது நோவு. நீங்க மறச்சீங்க டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மாணவியின் பெயரை அவளுடைய பெட்டிக்கு முன்னால் நான்தான் அழித்தேன். மன்னிச்சிடுங்கம்மா என்று சொன்னேன். அவர் என் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை சாவியைக் கொடுக்கச் சாமியே கோயிலுக்கு வந்தார். நான் ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து நான் எத்தன தரம் பாடுனேன் டீச்சர்?"

விரல் பட்டுவிட்டது என்பதுபோல ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. "ஆறு தரம் சாமி" என்றேன்.

"மூணுதானே பாடணும்?"

"மூணுதான் பாடணுங்க சாமி."

ஆர்கன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. சொன்னதுக்குச் சந்தோசம்" என்றார். பிறகு என்னிடமே செல்போனைக் கொடுத்து ஆயர் இல்லத்துக்கு நம்பரைப் போடச் சொன்னார். அன்றைய உயிர்ப்புப் பூசைக்கு இளஞ்சாமியார் ஒருவரை அனுப்பினார்கள். பத்து நாளில் பெலவேந்திரம் சாமி கிளம்புவது என்று முடிவானது.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவரிடம் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னேன். ஆர்கன் சத்தத்தைச் சொன்னேன், பள்ளி வாசலில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவருக்கு அந்த அடக்கமே நினைவில் இல்லை.

"அந்தப் புள்ள பேர ஒரு தாள்ல எழுதுங்க" என்றார். எழுதினேன். "பெருசா எழுதுங்க டீச்சர்." தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிப் பூசை. இருபது பேர் இருந்திருப்பார்கள். சவரியம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். அன்று மார்க்கெட்டுக்குப் போகாமல் வந்திருந்தார். இளஞ்சாமியார் பூசை வைக்க, பெலவேந்திரம் சாமி பக்கத்தில் நின்றார். இறந்தவர்களை நினைக்கும் இடம் வந்ததும் இளஞ்சாமியார் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார். நான் மிதிப்பதை நிறுத்தினேன். துருத்தியில் மிச்சமிருந்த காற்று வெளியேறும் சத்தம்கூட நின்றது.

அவர் தாளைப் பார்த்து, நிறுத்தி, ஸ்டெல்லாவின் பெயரை வாசித்தார். பிறகு அடுத்த சொல் வரவில்லை. தலையைத் தூக்கி ஆர்கன் பக்கம் பார்த்தார். எனக்கு எந்தச் சுரம் வாசிக்க வேண்டும் என்று தெரியும். கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவர் மறுபடி தாளைக் குனிந்து பார்த்தார். இப்போதுதான் முதல் முறை பார்ப்பவரைப் போல, முன்னைவிடத் தெளிவாக, ஸ்டெல்லா என்று வாசித்தார். அடுத்த வரியை இளஞ்சாமியார் எடுத்துக்கொண்டார்.

பூசை முடிந்து வண்டி கிளம்பிப் போனது. எல்லாரும் கையசைத்துக்கொண்டிருந்தோம். சவரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தரம் சொன்னாருங்க டீச்சர். அன்னிக்கு வுட்டதுக்கும் சேத்து."